கொடுவாவின் முகவரி

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில், காரைக்கால் கடற்கரையை ஒட்டிய கற்குவியல்களில், பொழுது சாயும் நேரத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு மீனில்தான் வந்து நிற்கும். கிழங்கான் மாட்டினாலும் கெளுத்தி மாட்டினாலும் பைக்குள் போய்விடும். அவற்றைப் பற்றிச் சொல்ல யாருக்கும் கதை இருக்காது. கொடுவாவைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் ஒரு கதை உண்டு. பாதிக் கதைகள் தப்பிப்போன கொடுவாவைப் பற்றியவை.

அது தப்பிப்போகும் விதம் தனி. கொடுவா இரையைக் கொத்துவதில்லை, கடிப்பதுமில்லை. வாயை ஒரு நொடியில் அகலத் திறக்கிறது. உள்ளே பாய்கிற தண்ணீரோடு இறாலோ மடவைக் குஞ்சோ இழுபட்டுப் போய்விடுகிறது. முள் குத்தியதும் ஆழத்தை நோக்கி ஓடாமல் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறுகிறது. அந்த உதறலில்தான் தங்கூஸ் அறுந்துபோகிறது. பல்லால் அறுக்கிறது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் கொடுவாவின் வாய்க்குள் இருப்பது அரத்தின் முகம்போலச் சொரசொரப்பான பொடிப் பற்கள்; விரலை வைத்தால் உராயும், வெட்டாது. நரம்பை வெட்டுவது செவுள் மூடி. கன்னத்தெலும்பின் கீழ் மூலையில் தடித்த முள் ஒன்றும், அதற்குக் கீழே ரம்பம்போன்ற விளிம்பும் இருக்கின்றன. மீன் தலையை உதறும்போது நரம்பு அந்த விளிம்பில் இழுபட்டால் போயிற்று.

இந்த மீனுக்கு உள்ள இரண்டு முக்கியமான பெயர்கள் அதன் தலையில் இந்த இரண்டு இடங்களில்தான் ஒட்டியிருக்கின்றன. தமிழ், அதன் வாயைப் பார்த்துப் பெயர் வைத்தது. 1790ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு மருத்துவர் அதன் கன்னத்து முள்ளைப் பார்த்துக் ‘கால்காரிஃபெர்’ என்று பெயர் வைத்தார். ‘கால்கார்’ என்றால் குதிரை ஓட்டுகிறவன் குதிகாலில் கட்டிக்கொள்ளும் முள். அதைச் சுமப்பது என்பது லத்தீன் சொல்லின் பொருள். ஒரு மீனின் பெயர், பெயர் வைத்தவன் அந்த மீனை எங்கே, எந்த நிலையில் சந்தித்தான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நான் வந்து சேர்ந்த முடிவு. கொடுவாவின் பெயர்களைப் பின்தொடர்ந்து போனால், காரைக்காலுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த ஒரு பெரிய அறிவியல் முயற்சியும், அதில் நேர்ந்த ஒரு முகவரிப் பிழையும், அந்தப் பிழை இன்றுவரை தீராமல் இருப்பதும் தெரியவரும்.

முதலில் தமிழ்ப் பெயர். ‘கொடு’ என்ற அடிச்சொல்லுக்கு வளைவு என்பது பழைய பொருள். நேராக நிற்கும் கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். தேளின் வளைந்த முனை கொடுக்கு. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காய்ப்புளிக்கும் அந்தப் பெயர் அதன் சுருண்டு வளைந்த காயால் வந்தது. கொடுக்காய்ப்புளி என்று எழுதுகிறோம், கொடுக்காப்புளி என்று சொல்கிறோம். கடைவாய்ப் பல் பேச்சில் கடவாப் பல் ஆகிறது. ‘காய்’, ‘வாய்’ என்ற சொற்களில் இறுதி யகரம் தேய்வது தமிழ் நாக்குக்கு இயல்பு. அதே வழியில் கொடுவாய் கொடுவா ஆகியிருக்கிறது. நல்ல மரியாதையோடு எழுதுகிறவர்கள் இன்றும் கொடுவாய் மீன் என்றே எழுதுகிறார்கள்.

சங்க இலக்கியத்தில் இந்தச் சொல் வேறொரு பொருளுக்கு வருகிறது. அகநானூற்றின் 36ஆம் பாடலில், விரால் மீன் விழுங்குகிற தூண்டில் முள்ளுக்குக் ‘கொடுவாய் இரும்பு’ என்று பெயர். வளைந்த வாயுடைய இரும்பு. மீனைப் பிடிக்கிற முள்ளையும், அந்த முள்ளோடு நெடுநேரம் மல்லுக்கு நிற்கிற மீனையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்லவில்லை. இரண்டையும் பார்த்த கண் ஒன்று. அது வளைவைக் கண்டது.

இதற்கு மாற்று விளக்கம் ஒன்று சொல்லலாம். கொடுவாள் என்பது முனை வளைந்த வெட்டுக்கத்தி. ளகரமும் பேச்சில் தேயும். கொடுவாளும் கொடுவா ஆகலாம். பக்கவாட்டில் பார்த்தால் கொடுவாவின் உருவம் ஒரு வெட்டுக்கத்தியை நினைவூட்டவும் செய்கிறது: கண்ணுக்கு மேலே நெற்றி உள்வாங்கிக் குழிந்து, அங்கிருந்து முதுகு திமிலைப்போல எழுகிறது. ஆனாலும் ‘வாய்’ என்ற பக்கமே நான் சாய்கிறேன். காரணம் அந்த வாயேதான். கீழ்த்தாடை மேல்தாடையைவிட நீண்டு முன்தள்ளி இருக்க, வாயின் கோடு மூக்கு நுனியிலிருந்து சாய்ந்து இறங்கி, கண்ணையும் தாண்டிப் பின்னால் போய் முடிகிறது. அருகில் வைத்துப் பார்த்தால் களவாவுக்குக்கூட வாய் பெரிதுதான். ஆனால் இந்தச் சாய்வு கிடையாது. மூன்றாவதாக, ‘கொடிய வாய்’ என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. அதைத் தவறென்று தள்ள மனமில்லை. வளைந்தது என்ற பொருளிலிருந்துதான் கொடுமை என்ற பொருளே கிளைத்தது. தன் உடல் நீளத்தில் பாதிக்கு மேலிருக்கும் மீனைக்கூட முழுசாக விழுங்குகிற ஒரு வாய்க்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

ஊர்ப்பெயர்களிலும் மீன்பெயர்களிலும் ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது என்பதற்குக் காரைக்காலே சாட்சி. காரை ஒரு முட்செடி. காரை சுண்ணாம்புச் சாந்து. காரை, வலையில் வெள்ளிக்காசுகளாகக் கொட்டுகிற ஒரு சிறு மீன். கால் என்பது வாய்க்கால். எந்தக் காரை ஓடிய கால் இது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வாயைப் பார்த்துப் பெயர் வைத்தது தமிழ் மட்டுமல்ல. மத்தியதரைக் கடலில் கொடுவாவுக்கு உறவுமுறை சொல்லத்தக்க தூரத்து மீன் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்ற பெயருக்கு மூல உரிமை அதற்குத்தான். கிரேக்கர்கள் அதைப் பேராசைக்காரன் என்ற பொருளில் ‘லாப்ராக்ஸ்’ என்றார்கள். ரோமானியர் ‘லூபுஸ்’, அதாவது ஓநாய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இன்றைக்கும் ‘லூ’, ஓநாய்தான். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் பல குடும்பங்கள் இன்று பிரான்சில் வாழ்கின்றன. அங்கே மீன்கடைப் பலகையில் ‘லூ’ என்று படிக்கும் ஒரு காரைக்கால்காரர் அறியாமலே கொடுவாய்க்கு மிக நெருங்கிய ஒரு சொல்லைப் படிக்கிறார். கேரளத்தில் கொடுவாவுக்குக் காளாஞ்சி என்ற பெயரோடு நரிமீன் என்ற பெயரும் வழங்குகிறது. ஓநாயும் நரியும் சும்மா வரவில்லை. இரையைக் கண்டவுடன் அந்த வாய் செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் இட்ட பெயர்கள் இவை.

இனிக் கன்னத்து முள்.

மார்க்கஸ் எலியேசர் பிளாக் (1723–1799) பெர்லினில் தொழில் பார்த்த யூத மருத்துவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1782க்கும் 1795க்கும் இடையில் பன்னிரண்டு பாகங்களில், 432 வண்ணப் படத் தகடுகளோடு அவர் வெளியிட்ட மீன்நூல் அந்த நூற்றாண்டின் மாபெரும் நூல்களில் ஒன்று. அவர் கடல்வழிப் பயணம் போனவர் அல்லர். உலகம் அவருடைய வீட்டுக்கு வந்தது: சாராயத்தில் ஊறியும், தோலாக உலர்ந்தும், பெட்டிகளில் அடைபட்டும். அப்படிப் பெட்டி அனுப்பியவர்களில் முதன்மையானவர் ஒருவர் நம் கடற்கரையில் இருந்தார்.

காரைக்காலுக்கு வடக்கெல்லை நண்டலாறு. அதைத் தாண்டினால் பொறையாறு, அடுத்து தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்த ஊர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கி, தமிழ் அச்செழுத்தில் நூல்கள் பெருகிய இடம். அவர் தொடங்கிய கிறித்தவச் சபைக்கு 1771இல் வந்து சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் (1747–1813) சமய ஊழியத்தோடு பள்ளிக்கூடங்கள் நடத்தினார். மீதி நேரத்தில் மீனும் சிப்பியும் சேர்த்தார். கரைவலை இழுத்து முடிந்ததும் குவியும் மீன்களில் தேவையானதை எடுத்து, அதன் பெயரைக் கரையில் இருந்தவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு, மீனையும் பெயரையும் சேர்த்தே பெர்லினுக்கு அனுப்பினார். பெயரையும் சேர்த்து அனுப்பியதுதான் இங்கே பெரிய விஷயம்.

பிளாக் அந்தத் தமிழ்ப் பெயர்களைத் தூக்கி எறியவில்லை. 1793இல் கத்தாளை மீன்களுக்கு ஒரு பேரினம் வகுத்தபோது அனுப்பியவரின் நினைவாக ‘ஜானியஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார். அதில் ஒரு மீனுக்கு ‘கருத்தா’ என்று சிற்றினப் பெயர் சூட்டினார். லத்தீன் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அது ‘கருத்த கத்தாளை’ என்று தரங்கம்பாடி மணலில் ஒருவர் சொன்ன பெயரின் முதல் பாதி. இருநூற்று முப்பது ஆண்டுகளாக உலகின் எந்த மீன்நூலைத் திறந்தாலும் அந்தத் தமிழ்ப் பெயரெச்சம் அப்படியே நிற்கிறது. 1969இல் இன்னொரு கத்தாளைக்குப் பேரினப் பெயராகவே ‘கத்தாலா’ என்று வந்தது. பாரிஸ் அறிஞர் குவியேயின் நூலில் ‘பாரா’ என்று ஒரு பெயர் உண்டு. அது நம் பாறை மீன். பெயர் சொன்ன மீனவர் எவருடைய பெயரும் எங்கேயும் பதிவாகவில்லை. ஜான் பெயர் இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் ‘கருத்தா’வில் உயிரோடு இருப்பது அந்த மீனவரின் குரல் என்றே நான் கருதுகிறேன்.

கத்தாளைக்குக் கிடைத்தது கொடுவாவுக்குக் கிடைக்கவில்லை. தரங்கம்பாடி முதல் காரைக்கால் வரை ஒவ்வொரு கழிமுகத்திலும் கிடைக்கிற, சந்தையில் முதல் விலை போகிற இந்த மீன், பெயரும் ஊரும் சொல்ல ஆளில்லாத வேறொரு வழியில் பிளாக்கின் கைக்குப் போனது. 1790இல் வந்த பாகத்தில், 244ஆம் படத்தில் அதை வரைந்து வெளியிட்டு, அது வாழும் இடம் ஜப்பான் என்று எழுதிவிட்டார். அக்காலத்தில் கிழக்கிலிருந்து கப்பலேறிய பொருள்கள் பல கை மாறித்தான் ஐரோப்பா சேரும். எந்தத் துறையில் ஏறியது என்பது வழியில் எங்கேயோ தொலைந்துவிடும். கிழக்கிந்தியக் கடலின் எத்தனையோ மீன்கள் இப்படி ஜப்பான் முகவரியோடு அவருடைய நூலில் குடியேறின. ஜப்பானில் இருப்பது கொடுவாவின் ஒன்றுவிட்ட சகோதரம். கண் சிவந்து ஒளிர்வதால் அங்கே அதை ‘அகாமே’, செங்கண் என்பார்கள். அது தனி இனம் என்பது 1984இல் நிலைநாட்டப்பட்டது. இரவில் விளக்கொளி பட்டால் நம் கொடுவாவின் கண்ணும் செம்பொன்னாக எரியும்.

மீனோடு பெயர் வராததால் பிளாக்கிடம் உடம்பு மட்டுமே இருந்தது. உடம்பில் தேடினார். கன்னத்து முள் கண்ணில் பட்டது. வாய் அவருக்கு எதையும் சொல்லவில்லை. இறந்து உலர்ந்த மீனின் வாய் மூடியே இருக்கும், அல்லது திணித்த வைக்கோலுக்கு ஏற்பத் திறந்திருக்கும்.

பெயரின் முன்பாதி ‘லேட்டஸ்’. அதைச் சேர்த்தவர்கள் பாரிசின் குவியேயும் வாலன்சியேனும், ஆண்டு 1828. அது நைல் நதியின் பெருமீனுக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பழம்பெயர். எகிப்தில் எஸ்னா என்ற ஊரில் அந்த மீனைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். செத்த மீனைப் பாடம் செய்து மணலில் புதைத்தார்கள். ஊரையே கிரேக்கர்கள் லட்டோபோலிஸ், அதாவது லேட்டஸ் நகரம் என்று அழைத்தார்கள். ஆக, நைலின் குடும்பப்பெயர், ஜப்பான் முகவரி, ரோமானியக் குதிரைமுள். அரசலாற்று முகத்துவாரத்தில் துள்ளுகிற மீனின் முழுப்பெயருக்குள் அரசலாறு எங்கேயும் இல்லை.

வங்காளம் இந்த விஷயத்தில் ஒருமுறை ஜெயித்துப் பிறகு தோற்றது. கங்கையின் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் எழுதிய நூலில் இந்த மீனுக்கு ‘வாக்தி’ என்று பெயரிட்டார். அது வங்காளிகளின் பேக்தி, பேட்கி. அதற்கு முன்பே, 1803இல், விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றிய பாட்ரிக் ரஸ்ஸலின் நூலில் தெலுங்குப் பெயர்களோடு மீன்கள் படமாகிவிட்டன. அங்கே கொடுவாவுக்குப் பண்டுமீனு. இன்று தெலுங்கில் பண்டுகப்பா. ஆனால் உயிரினப் பெயரிடலில் முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை. 1790க்குப் பின் வந்த வாக்தி, குவியே உயர்வாக நினைத்துச் சூட்டிய ‘நோபிலிஸ்’ எல்லாம் மாற்றுப்பெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டன. 1875 முதல் 1878 வரை வெளியான பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் நூல் ஒவ்வொரு மீனுக்கும் வட்டார மொழிப் பெயர்களைத் திரட்டித் தந்தது. அவை அடிக்குறிப்பின் தகுதியில்தான் வாழ்ந்தன. மராத்தியில் ஜிதாடா, சிங்களத்தில் மோதா, மலாயில் சியாக்காப், இந்தோனேசியாவில் காக்காப். அந்தக் காக்காப்பை ஆங்கிலேய வணிகர்கள் ‘காக்அப்’ என்று திரித்துக் கல்கத்தாவிலும் சென்னையிலும் வழங்கினார்கள். பழைய தமிழ் அகராதிகளில் கொடுவாவுக்கு ஆங்கிலப் பொருளாக அந்தச் சொல்தான் இருக்கும்.

பெயர்களை இங்கே நிறுத்திவிட்டு, அவை சுட்டுகிற உயிரைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் ‘வாய்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் திறக்கும். ஆறு கடலில் சேரும் இடமும் தமிழில் வாய்தான். கழிவாய், ஆற்றுவாய் என்கிறோம். கொடுவாவின் வாழ்க்கை முழுக்க அந்த வாயைச் சுற்றியே நடக்கிறது.

முட்டையிடக் கடலின் உப்பு வேண்டும். லிட்டருக்கு 28 முதல் 32 கிராம். அதனால் முதிர்ந்த மீன்கள் முகத்துவாரத்துக்கு இறங்கி வருகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாள்களில், ஏற்றம் உள்ளே வரும்போது முட்டையும் விந்தும் நீரில் விடப்படுகின்றன. ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பெண்மீன் பல லட்சம் முட்டைகள் விடும். மிகப் பெரியது இன்னும் அதிகம் விடும். முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிகின்றன. பொரித்த குஞ்சுகளை அந்த ஏற்ற நீரே கழிகளுக்குள்ளும் வடிகால்களுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறகு உப்பு குறைந்த நீரில், சில சமயம் முழு நன்னீரில், இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்து மறுபடி கடலை நோக்கி இறங்குகின்றன. உல்லம் மீன் இதற்கு நேரெதிர்: கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு காவிரியில் உல்லத்தின் ஏற்றம் அடங்கிப்போனது. அவ்வளவு தூரம் ஏற வேண்டியிராததால் கொடுவா தப்பியது.

தப்பியது என்றாலும் அதற்கும் ஆற்றுநீர் வேண்டும். காவிரியின் கடைமடை காரைக்கால். நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி நீர் காரைக்காலின் வயல்களுக்கானது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, முல்லையாறு, திருமலைராஜனாறு என்று சின்ன நிலப்பரப்புக்குள் இத்தனை கிளைகள். மழைக்காலத்தில் வயல் வடிநீரும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து முகத்துவார மணல்திட்டை உடைத்தால் கடலுக்கும் கழிக்கும் வழி பிறக்கிறது. நீர் வராத ஆண்டில் மணல் வாயை அடைத்துக்கொள்கிறது. கடைமடை நீரைப் பற்றிய கணக்குகளில் நெல் இருக்கிறது, குடிநீர் இருக்கிறது; மூடிய முகத்துவாரத்துக்கு வெளியே காத்துக் கிடக்கிற கொடுவாக் குஞ்சு எந்தக் கணக்கிலும் இல்லை. இருக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதைவிட வியப்பானது அதன் பால்மாற்றம். கொடுவா ஆணாகவே முதிர்கிறது. மூன்று நான்கு வயதில் ஆண். ஆறு முதல் எட்டு வயதுக்குள் பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடுகின்றன. ஆகவே ஒரு கழிமுகத்தில் மிகப் பெரிய மீன்கள் எல்லாம் தாய்கள். பெரிய கொடுவாவில் மட்டும் சினை இருக்கும், சின்னதில் பால்தான் என்பது மீன் அறுக்கும் பெண்களுக்குத் தெரிந்ததே. ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட மீனைத் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிற தூண்டில் பிரியர்களிடம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: படம் எடுத்ததும் அதை நீரில் விட்டால், ஒரு முகத்துவாரத்தின் அடுத்த தலைமுறையை விட்டதாகும்.

பண்ணை வளர்ப்பு இந்தப் பால்மாற்றத்தோடு போராடித்தான் வெற்றி கண்டது. 1970களில் தாய்லாந்தில் தொடங்கிய குஞ்சு உற்பத்தி, இந்தியாவில் 1997இல் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் கைகூடியது. காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் கடலோரத் தொடுவாயில் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. தொடுவாய், கொடுவாய்: அந்த ஊர்ப்பெயரின் ஓசை எனக்கு ஒவ்வொரு முறையும் காதில் இனிக்கும்.

பண்ணையோடு சந்தைப் பெயர்களும் வந்தன. உணவகப் பட்டியலில் கொடுவா ‘ஏஷியன் சீ பாஸ்’. இன்னும் விலை கூடினால் ‘பாரமுண்டி’. பாரமுண்டி என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டன் வட்டாரத்துப் பூர்வகுடிகளின் சொல். பெருஞ்செதிள் உடைய ஆற்றுமீன் என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். முதலில் வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லை வேறு மீன்களுக்கு, நுரையீரல் மீனுக்கும்கூட, வழங்கினார்கள். பிறகுதான் கொடுவாவுக்கு வந்து சேர்ந்து, விளம்பரத்தின் பலத்தில் உலகம் சுற்றியது. அந்தச் சொல் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதுவும் ஒரு கரையில் நின்று ஒருவர் கண்டு சொன்ன சொல், கொடுவாயைப் போலவே. என் வருத்தம் வேறு. பாரமுண்டி என்று கேட்டு வாங்குகிற காரைக்கால் இளைஞருக்கு, அது தன் ஆற்றுவாயில் பிறக்கிற மீன் என்பது தெரியாமல் போகிறது. தெரியாத மீனின் முகத்துவாரம் அடைபட்டால் யாருக்கு நோகும்?

இதற்கு மேல் ஒரு திருப்பம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாரமுண்டியும் நம் கொடுவாவும் ஒரே மீன்தானா என்பதே இப்போது கேள்வி. 2012இல் ரோஹன் பெத்தியாகொடவும் அந்தோனி கில்லும் இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து ‘லக்திவ’, மியான்மரிலிருந்து ‘உவிசர’ என்று இரண்டு புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். இருநூறு ஆண்டுகள் எல்லோரும் கால்காரிஃபெர் என்றே எழுதிவந்த மீன்கள் அவை. 2016இல் சிங்கப்பூர் டெமாசெக் ஆய்வகத்தினர் முன்னின்று வெளியிட்ட மரபணுத் தொகுப்பு ஆய்வும், தெற்காசிய மீன்கள், தென்கிழக்காசிய மீன்கள், ஆஸ்திரேலியா–பப்புவா மீன்கள் என்று மூன்று கிளைகள் தெளிவாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டியது.

கிளைகளை இனங்களாகவே பிரிக்கும் நாள் வந்தால், பழைய பெயர் எந்தக் கிளைக்குச் சேரும்? பிளாக் கையில் இருந்த அந்த ஒரு மீன் எந்தக் கரையில் பிடிபட்டதோ அந்தக் கிளைக்கு. 1790இல் ‘ஜப்பான்’ என்று கவனக்குறைவாக எழுதிய ஒரு சொல், இத்தனை காலம் யாரையும் உறுத்தாமல் கிடந்தது, இப்போது முழு வழக்கின் முடிச்சாகிவிட்டது. ஜான் அனுப்பிய பெட்டியில், ‘கொடுவாய், தரங்கம்பாடி’ என்று ஒரு சீட்டோடு இந்த மீன் போயிருந்தால் இந்த முடிச்சே விழுந்திருக்காது. மீனவரிடம் பெயர் கேட்டு எழுதுவதை மரியாதைக்காகச் செய்கிற ஒன்று என்று நினைப்போம், அதுதான் ஆதாரம். பெயரோடு கரை வருகிறது, கரையோடு ஆறு வருகிறது.

வங்கக்கடல் மீன் தனி இனம் என்று ஆகி, கால்காரிஃபெர் வேறு கரைக்குப் போய்விட்டால், முன்னுரிமை விதிப்படி பழைய பெயர்களைத்தான் முதலில் தேடுவார்கள். 1822இன் வாக்தி, தூசி தட்டி எடுக்கப்படுகிற பெயர்களில் ஒன்றாக இருக்கும். பேட்கி வறுவலுக்கு உயிரை விடுகிற வங்காளிகளுக்கு அது கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே. கொடுவாய் அந்த வரிசையில் நிற்க முடியாது. அது அப்போது அச்சேறவில்லை.

போன மார்கழியில் காரைக்கால் மீன் அங்காடியில் ஏழெட்டுக் கிலோ இருக்கும் ஒரு கொடுவாவை அரிவாள்மணைக்கு முன்னால் கிடத்தியிருந்தார்கள். சினை வைத்த மீன்; வயிறு உப்பியிருந்தது. குனிந்து அதன் வாய்க்கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “இதுக்கு ஏன் அக்கா கொடுவான்னு பேரு?” என்று கேட்டேன். மீன் அறுக்கிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அதன் கீழ்த்தாடையை அழுத்தி வாயைத் திறந்து காட்டினார். என் விரல் கன்னத்தின் பக்கம் நகர்ந்ததும் சட்டென்று தட்டிவிட்டார்.

“வாயத் தொடுங்க தம்பி, ஒண்ணும் பண்ணாது. செவுளுகிட்ட கை வெக்காதீங்க, கிழிச்சிடும்.”